தேர்த்தட்டில் உட்கார்ந்த வீரன்



பகவத் கீதை வகுப்பு என்றால் பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்தில்தான் சூடு பிடிக்கும். ஆத்மா அழியாதது, கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே, எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். முதல் அத்தியாயத்தை 'யார் யார் எந்தச் சங்கை ஊதினாங்க' என்ற பட்டியலாக வாசித்துவிட்டுத் தாண்டிவிடுவோம். அந்த அத்தியாயத்தின் பெயர் அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம், மனம் ஒடிந்துபோவது. எழுநூறு சுலோகம் கொண்ட ஒரு நூலின் வாசற்படியிலேயே ஒருவன் ஒடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். அதையும் நம் பெரியவர்கள் 'யோகம்' என்றே சொன்னார்கள். இதை யோசித்துப் பாருங்கள்.

உட்கார்ந்தவன் யார்? நோஞ்சான் இல்லை, பயந்தாங்கொள்ளி இல்லை. துரோணரின் முதல் மாணவன். பாஞ்சாலியின் சுயம்வரத்தில் இலக்கை அடித்தவன். சிவபெருமானோடு போர் செய்து பாசுபதம் வாங்கியவன். இன்றைய கணக்கில் சொன்னால் தேசிய அணியின் நம்பர் ஒன் ஆட்டக்காரன். அவனே தன் உடம்பில் நடப்பதைச் சொல்கிறான்: கைகால் சோர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. கையிலிருந்து காண்டீபம் நழுவுகிறது. கடைசியில் வில்லையும் அம்பையும் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான்.

அவனுக்கு வந்தது மருத்துவர்கள் சொல்லும் மனச்சோர்வு நோய்தான் என்று பெயர் ஒட்ட எனக்குத் தகுதியில்லை. அவன் துயரத்துக்குக் கண்ணெதிரே காரணம் இருந்தது: பாட்டனும் குருவும் எதிர்வரிசையில் நின்றார்கள். நான் சொல்ல வருவது வேறு. பலசாலிக்கும் இப்படி வரும் என்பதை நம் சமய நூல் ஒளித்து வைக்கவில்லை. நாம்தான் ஒளித்து வைக்கிறோம்.

சமீப காலத்து ஆள் ஒருவரைச் சொல்கிறேன். சி.எஸ்.கே. ரசிகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2021 ஐ.பி.எல். முதல் தகுதிச் சுற்றில் டெல்லிக்கு எதிராக 63 ஓட்டம், அடுத்து இறுதியாட்டத்தில் 15 பந்தில் 31. மஞ்சள் சட்டையில் ரொபின் உத்தப்பா அடித்த அந்த அடியைப் பார்த்து மாமாக் கடையில் மேசையைத் தட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கர்நாடகாவின் குடகுப் பகுதியைச் சேர்ந்தவர். அப்பா அனைத்துலக ஹாக்கி நடுவர். 2006 ஏப்ரலில் இந்தோரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே 86 ஓட்டம். மறுவருடம் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் டி20 உலகக் கிண்ணத்தை வென்ற தோனியின் அணியில் அவரும் இருந்தார். டர்பனில் பாகிஸ்தானோடு ஆட்டம் சமனில் முடிந்து, யார் ஸ்டம்பை அடிப்பது என்று பந்து வீசித் தீர்மானித்தார்களே, அதில் ஸ்டம்பைச் சரியாக அடித்த மூன்று இந்தியர்களில் ஒருவர் இவர். அப்போது வயது 21.

அதற்கு இரண்டே வருடம் கழித்து என்ன நடந்தது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. 2020 ஜூனில், நோய்த்தொற்றுக் காலத்தில், ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் அறக்கட்டளை மனநலம் பற்றி நடத்திய நேரலை உரையாடலில் அவரே சொன்னார். 2009 முதல் 2011 வரை தினந்தினம் மனச்சோர்வோடு போராடினாராம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்ததாம். கிரிக்கெட்டைப் பற்றியே யோசிக்காத நாள்களும் உண்டு. இன்றைய பொழுதை எப்படிக் கடத்தி நாளைக்குப் போவது என்பதுதான் யோசனை. இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஆட்டம் இருக்கும் நாளில் அவரால் சமாளிக்க முடிந்தது. ஆட்டம் இல்லாத நாள்தான் கொடுமை. அதாவது, ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. நல்லா ஓடுறான், நல்லா அடிக்கிறான், இவனுக்கு என்ன குறை?

அந்த மூன்று வருடத்தில் அவர் வயது இருபத்துமூன்றிலிருந்து இருபத்தாறு. இந்த இதழை வாசிக்கும் பலருடைய வயது அதுதான். என் வயதும் அதற்குப் பக்கம்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். மலாக்காவில் தோட்டத்துக் காற்பந்து தெரியாத தமிழ் வீடு குறைவு. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தும், லயன் வீட்டுக் குடும்பங்கள் செங், பத்து பெரெண்டாம் அடுக்குமாடிகளுக்குக் குடிமாறிய பிறகும்கூட, 'எந்த டீம்?' என்று கேட்டால் பையன்கள் பழைய தோட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். திடலில் ஒருவன் கணுக்கால் பிசகி விழுந்தால் ஐந்து பேர் ஓடுவார்கள். ஒருவன் ஐஸ் கட்டி தேடுவான், ஒருவன் மோட்டாரை எடுப்பான். 'சும்மா நடி, கால் இல்லைனு நெனச்சுக்கோ' என்று யாரும் சொல்வதில்லை.

அதே பையன் மூன்று வாரமாகப் பயிற்சிக்கு வராமல் அறையிலேயே கிடக்கிறான் என்று வையுங்கள். ஃபோன் எடுப்பதில்லை. தொழிற்சாலை ஷிப்டுக்கும் போகவில்லை. இப்போது என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். 'சோம்பேறி ஆயிட்டான்.' 'லவ் ஃபெயிலியராம்.' 'யாரோ என்னமோ செஞ்சு வச்சிட்டாங்க, கயிறு கட்டணும்.' கொஞ்சம் படித்தவர்கள், 'மனசைக் கட்டுப்படுத்தத் தெரியல, தியானம் பண்ணச் சொல்லுங்க' என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பெரிய உறுத்தல். சமயத்தைச் சொல்லியே ஒருவன் வாயை அடைத்துவிட முடிகிறது.

கண்ணன் அப்படிச் செய்தாரா? கீதையை எடுத்து வரிசையாகப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் கொட்டித் தீர்க்கிறான். தேரை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி 'பார்' என்று சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு அத்தியாயம் முடியும்வரை கண்ணன் வாயைத் திறக்கவில்லை. இரு பக்கமும் படை காத்து நிற்கிறது, சங்கெல்லாம் ஊதியாகிவிட்டது. அந்த அவசரத்திலும் ஒருவனை முழுசாகப் பேசவிடுகிறார்.

பிறகு பேசுகிறார். முதலில் சொல்வது கண்டிப்புதான்: இந்த நேரத்தில் எங்கிருந்து வந்தது இந்தத் தளர்ச்சி, பேடித்தனம் வேண்டாம், எழுந்திரு. நம் அப்பா, மாமா, அண்ணன் எல்லாரும் சொல்கிற அதே வார்த்தை. மேடைகளில் இந்த இடத்தை எடுத்து முழங்குவார்கள், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அடுத்த சுலோகங்களை யாரும் சொல்வதில்லை. அர்ஜுனன் எழுந்திருக்கவில்லை! புலன்களையெல்லாம் வற்றச் செய்யும் இந்தத் துயரத்தைத் தீர்க்கும் வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை என்கிறான். நான் உன் சீடன், எனக்கு வழி சொல் என்று கேட்கிறான். கேட்டுவிட்டு, போர் செய்யமாட்டேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான். கண்டிப்பு வேலை செய்யவில்லை. சொன்னவர் சாட்சாத் பகவான். அவர் சொல்லியும் வேலை செய்யவில்லை. அதன் பிறகுதான் கண்ணன் புன்னகை செய்வதுபோல் முகம் மலர்ந்து, உட்கார்ந்தவனிடம் பேச ஆரம்பிக்கிறார். பதினெட்டாம் அத்தியாயம்வரை பேச்சு போகிறது. நடுநடுவே அர்ஜுனன் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறான். 'நீ என்னைக் குழப்புகிறாய்' என்றுகூடச் சொல்கிறான். கண்ணன் சலித்துக்கொள்ளவே இல்லை.

ஆறாம் அத்தியாயத்தில் ஓர் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தியானத்தைப் பற்றிக் கண்ணன் விரிவாகச் சொல்லி முடிக்கிறார். அர்ஜுனன் உடனே சொல்கிறான்: மனம் என்பது காற்றைப்போல, அதை அடக்குவது முடியாத காரியமாகத் தெரிகிறது. கண்ணன் சொல்லும் முதல் பதில் என்ன தெரியுமா? சந்தேகமே இல்லை, கஷ்டம்தான். முதலில் ஒப்புக்கொள்கிறார். பழக்கத்தாலும் பற்றின்மையாலும் முடியும் என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. 'தியானம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தச் சுலோகத்தைத் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறார்கள்.

கடைசி அத்தியாயத்தில், 'நன்றாக யோசி, பிறகு உன் விருப்பப்படி செய்' என்று முடிவை அவன் கையிலேயே கொடுக்கிறார். அதோடும் விடவில்லை. கவனமாகக் கேட்டாயா, உன் மயக்கம் தீர்ந்ததா என்று திரும்பக் கேட்கிறார். மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டு, 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்பார்களே, அதுபோல.

தமிழ்ப் பக்கம் பெரிய புராணத்திலும் இதே சங்கதி இருக்கிறது. திருவாமூரில் திலகவதியார் என்று ஓர் அக்காள், மருள்நீக்கியார் என்று ஒரு தம்பி. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்விடுகிறார்கள். அக்காளுக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வருகிறது. அவர் உயிரை விடத் துணிகிறார். தம்பி சின்னப் பையன். 'அப்பா அம்மா போனபின் உன்னைப் பார்த்துத்தான் நான் உயிரோடு இருக்கிறேன், நீ போனால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன்' என்று காலில் விழுந்து அழுகிறான். அந்த அழுகைக்காக அக்காள் இருந்துவிட்டார். தத்துவம் ஒன்றும் சொல்லி அவன் தடுக்கவில்லை. நீ எனக்கு வேணும், அவ்வளவுதான்.

அந்தத் தம்பி வளர்ந்து சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்று பெரிய பெயர் எடுத்தார். அப்போது தாங்க முடியாத சூலை நோய் வந்தது. மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. சமையற்காரரை அக்காளிடம் தூது அனுப்பினார். அங்கே வரமாட்டேன் என்றார் அக்காள். உடனே யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய் அக்காள் காலில் விழுந்தார். இது வயிற்று நோய், மன நோய் இல்லை. ஆனாலும் அந்த 'இரவோடு இரவாக' என்பதைக் கவனியுங்கள். ஊரே மதிக்கும் பண்டிதர், வலிக்குது என்று சொல்ல இருட்டுக்காகக் காத்திருக்கிறார். அக்காள் 'அன்னைக்கே சொன்னேன் கேட்டியா?' என்று ஆரம்பிக்கவில்லை. திருநீறு கொடுத்தார், விடியலில் வீரட்டானத்துக்கு அழைத்துப் போனார். நமக்கு அப்பர் பெருமான் கிடைத்தது அப்படித்தான். முன்னொரு காலத்தில் தம்பி அக்காளை இருக்க வைத்திராவிட்டால், பின்னொரு காலத்தில் அந்தக் கதவைத் திறக்க ஆளே இருந்திருக்காது.

உத்தப்பா எப்படி வெளியே வந்தார் என்பதைச் சொல்லவில்லையே. ஒரு நாள்குறிப்பு வைத்துத் தன்னைப் பற்றியே எழுத ஆரம்பித்தார். எதை மாற்ற வேண்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று. பிறகு வெளியிலிருந்து உதவி தேடினார். இரண்டும் வேண்டியிருந்தது. 2014இல் கொல்கத்தா அணிக்காக 660 ஓட்டம் எடுத்து, அந்த ஐ.பி.எல். பருவத்திலேயே அதிக ஓட்டம் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பியை வாங்கினார். 2022 செப்டம்பரில் ஓய்வு பெற்றார்.

நூறு டெஸ்ட் ஆடிய இங்கிலாந்தின் கிரகாம் தோர்ப் 2024 ஆகஸ்டில் மறைந்து, அவர் பல வருடமாக மனச்சோர்வில் தவித்ததை அவர் குடும்பமே வெளிப்படையாகச் சொன்னபோது, உத்தப்பா மறுபடியும் பேசினார். 2011 முழுக்கத் தன்னைக் கண்ணாடியில் பார்க்கவே வெட்கப்பட்டதாகச் சொன்னார். பத்து வருடத்துக்கும் மேலான கதை, புகழும் பணமும் வந்தாயிற்று, பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அவருடைய 660 ஓட்டத்தைவிட இது பெரிசாகத் தெரிகிறது.

அயர்லாந்தில் ஹர்லிங் என்று ஓர் ஆட்டம் உண்டு. மட்டையும் சின்னப் பந்தும் கொண்டு மின்னல் வேகத்தில் ஆடுவது. அதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பிறந்த ஊருக்காக, ஊர்ப் பெயருக்காக ஆடுவார்கள். கேட்கும்போது நம் தோட்டத்து டீம் ஞாபகம் வருகிறதல்லவா? அங்கே கார்க் மாவட்டத்து ஆட்டக்காரர் கோனர் குசாக் 2013இல் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். நாடே பேசியது. பிறகு ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் இதையே பேசினார். ஊர் மானம் என்பது ஆம்பளைப் பசங்க வாயை எப்படிக் கட்டும் என்று அயர்லாந்துக் கிராமத்துக்கும் தெரியும், மலாக்காத் தோட்டத்துக்கும் தெரியும்.

பொறியியல் படிக்கிறவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலோகத்துக்குக் களைப்பு உண்டு. ஒரே ஒரு பெரிய பாரத்தைத் தாங்கிய இரும்பு, அதைவிடச் சின்னப் பாரம் லட்சம் தடவை ஏறி இறங்கினால் முறிந்துவிடும். 1954இல் காமெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்குக் காரணம் இந்தக் களைப்புதான் என்று கண்டுபிடித்தார்கள். முறிந்த பிறகு 'இவ்வளவு சின்னப் பாரத்துக்கா உடைஞ்ச?' என்று இரும்பைத் திட்டும் பொறியாளர் கிடையாது. விரிசல் சின்னதாக இருக்கும்போதே தேடிப் பார்ப்பதற்குத்தான் பரிசோதனை என்று பெயர். மனிதன் இரும்பு இல்லை, உவமையை இதற்கு மேல் இழுக்கமாட்டேன்.

பரிசோதனை என்றேன். மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு ரொம்பப் பூடகமானதல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், பெரும்பாலான நேரம் மனம் கனத்துக் கிடக்கிறதா, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லையா, அதோடு தூக்கம், பசி, கவனம் கெட்டிருக்கிறதா, நான் எதுக்கும் லாயக்கில்லை என்ற நினைப்போ உயிர்மேல் வெறுப்போ வருகிறதா என்று கேட்பார்கள். இதற்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கே போகலாம். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாத்திரை கொடுத்தால் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நாமாகவே நடுவில் நிறுத்தக் கூடாது. உயிரை விட்டுவிடத் தோன்றினால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போகணும், அல்லது யாரையாவது கூட்டிப்போகச் சொல்லணும்.

இது ஏதோ ஒன்றிரண்டு பேர் விவகாரமும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறது. 2019இல் இது 2.3 விழுக்காடு. நான்கே வருடத்தில் இரட்டிப்பு.

'அப்படின்னா சாமி கும்பிடுறது எதுக்கு?' என்று யாராவது கேட்பீர்கள். கும்பிடணும். திலகவதியாரும் திருநீறுதான் கொடுத்தார். ஆனால் கண் வலிக்கு அம்மனை வேண்டிக்கொள்கிற நாம் கண் டாக்டரிடமும் போகிறோம். சர்க்கரைக்கு விரதமும் இருக்கிறோம், மாத்திரையும் போடுகிறோம். அங்கே வராத சந்தேகம் மனசு என்றதும் ஏன் வருகிறது? செங் சன்னாசிமலையில் மாசிமகத்துக்குக் காவடி எடுப்பதைப் பாருங்கள். காவடிக்காரன் ஒருநாளும் தனியாக நடப்பதில்லை. ஒருவன் தண்ணீர் வைத்திருப்பான், ஒருவன் முக்காலியைத் தூக்கிக்கொண்டே வருவான், ஒரு கூட்டம் பாடிக்கொண்டு வரும். கால் தளர்ந்தால் அந்த முக்காலியில் அவனை உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தான் என்பதற்காக அவன் நேர்த்தி பலிக்காது என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

கண்ணன்போல் பதினெட்டு அத்தியாயம் பேச நமக்குத் தெரியாது. தெரியணும் என்பதும் இல்லை. முதல் அத்தியாயத்துக் கண்ணனாக இருக்கலாம், வாயை மூடிக் காதைத் திறந்து வைக்கலாம். 'சாகணும்னு தோணுதாடா?' என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை என்றுதான் மனநல நிபுணர்களும் சொல்கிறார்கள். கேட்டபின் கூடவே இருக்கணும், கிளினிக்குக்கு மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகணும், நம்பர் வரும்வரை பக்கத்து நாற்காலியில் உட்காரணும்.

இளைஞர் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் பூஜை நேரமும் உபயக்காரர் பெயரும் இருக்கும். அதற்குக் கீழே கால் தாள் இடம் பிடித்து இரண்டு எண்களை ஒட்டுங்கள்: சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இது இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஒட்டுவதற்குமுன் தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'கோயில்ல எதுக்குப்பா இதெல்லாம், போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று அவர் தயங்கினால், தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309ஆம் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023லேயே நீக்கிவிட்டது என்று பணிவாகச் சொல்லுங்கள் ஐயா. பசை நல்லதாகப் போடுங்கள், அபிஷேகத் தண்ணீர் தெறிக்கும்.